ஆயா வீட்டுச் சுவரும் ஒரு புட்டி வெள்ளையும்

அணைக்கட்டைத் தாண்டி ஒடுகத்தூர் போகிற ரோட்டில் ஒரு நாட்டு ஓட்டு வீடு இருக்கிறது. தூரத்தில் ஜவ்வாது மலை நீலமாகப் படுத்திருக்கும். முன்னால் ஒரு புளியமரம், ஒரு வைக்கோல் போர், கட்டிப்போட்ட எருமை. என் மாமியார் ஊருக்குப் போகும் பஸ் அந்த வீட்டைக் கடக்க ஐந்து நொடிகூட ஆகாது. அந்த ஐந்து நொடியை எட்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இதைப் படமாகப் போடவேண்டும் என்று தோன்றும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மறந்துபோகும்.

நான் ஓவியன் இல்லை. காட்பாடியில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுபவன். 2020 ஊரடங்கில் மகளின் வாட்டர் கலர் டப்பாவைச் சும்மா எடுத்தேன். அவள் திருப்பிக் கேட்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். வேலூர்க்காரன் படம் போட ஆரம்பித்தால் முதலில் கோட்டைக்குத்தான் போவான். நானும் அகழி ஓரம் உட்கார்ந்து கொத்தளங்களை வரைந்து தள்ளினேன். கோட்டை சொன்ன பேச்சு கேட்கும். கருங்கல், ஏறக்குறைய ஒரே நிறம், நேர்க்கோடு. ஒரு சாம்பலைக் கலந்து வைத்துக்கொண்டால் பாதிப் படம் முடிந்தது. பத்துப் பதினைந்து கோட்டைப் படம் ஆனதும், கை வந்துவிட்டது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்போடுதான் ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டு வீட்டு முன்னால் போய் இறங்கினேன்.

வீட்டில் ஒரு ஆயா இருந்தார். எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் சொல்வோம். "ஆயா, உங்க வீட்டைப் படம் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தார். "பஞ்சாயத்து ஆபீஸ்லருந்து வரியா நைனா? வூட்டு வரியெல்லாம் கட்டியாச்சே." இல்லை ஆயா, சும்மா ஆசைக்கு என்று புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆனது. யார் வீட்டையாவது வரையப் போனால் இந்தப் பத்து நிமிஷத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேட்காமல் எதிரில் உட்கார்ந்து பென்சிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அளந்தால், ரோடு அகலப்படுத்த வந்தவன் என்று நினைத்து ஊரே கூடிவிடும்.

கிழக்கு பார்த்த வீடு. மண்சுவர், மேலே சுண்ணாம்பு. வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாகச் சேர்ந்து, வாசலுக்கு இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மேலே பழுப்பேறிய வெள்ளை. அதற்குக் கீழே, சொட்டு நீலம் தூக்கலாக விழுந்துவிட்ட ஏதோ ஒரு வருஷத்து நீலம். அதற்கும் கீழே மெல்லிய ரோஸ். "அது எம் பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு அடிச்சது," என்றார் ஆயா. ரோஸுக்கு அடியில் வைக்கோல் துணுக்கு தெரிகிற மண். எரவாணத்துக்குக் கீழே மழை வழிந்த கறை கோடு கோடாக இறங்கியிருந்தது. சுவரின் அடியில், திண்ணை ஓரமாக, செம்மண் தெறித்த பட்டை. பச்சைப் பெயிண்ட் உரிந்த கதவு, இரண்டு மரத்தூண். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

எட்டு மணிக்குப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் டிராயிங் தாள்தான் கையில். மஞ்சளும் பழுப்பும் கலந்து சுவருக்கு ஒரு வாஷ், அதாவது நீர்த்த நிறத்தில் அகலமான ஒரு பூச்சு, இழுத்தேன். சித்திரை வெக்கையில், பிரஷ் வலது கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் இடது கோடி காய்ந்துவிட்டது. திரும்பி வந்து தொட்ட இடமெல்லாம் விளிம்பு கட்டிக்கொண்டது. சுவர் முழுக்கப் பட்டை பட்டையாக, குடியாத்தம் கைலி மாதிரி. தாள் வேறு அப்பளமாகப் பொங்கி, பள்ளத்தில் நிறம் தேங்கி நின்றது.

பையில் ஒரு புட்டி வெள்ளை போஸ்டர் கலர் இருந்தது. சுவரே வெள்ளைதானே, பூசி மறைத்துவிட்டால் போச்சு என்று தோன்றியது. பூசினேன். அடியிலிருந்த பழுப்பு கரைந்து மேலே வந்து, வெள்ளை அழுக்கானது. இரண்டாவது கோட். அதுவும் அழுக்கு. மூன்றாவது கோட்டைப் புட்டியிலிருந்து அப்படியே அள்ளி அப்பினேன். அதன்மேல் எரவாண நிழலைப் போட்டால், நிழலும் வெள்ளையும் கலந்து சிமெண்டுப் பால் ஆனது. கறை போனது, நீலம் போனது, கல்யாண ரோஸும் போனது.

பன்னிரண்டு மணிக்கு ஆயா ஒரு சொம்பு மோரோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, எங்க வூட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டியே!" என்று சிரித்தார். நான் மோரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆயா சொன்னது அச்சு அசல் உண்மை. சுவரில் அடிக்கிற சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் காயும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. மலிவு விலைப் போஸ்டர் கலரில் கனத்துக்காகச் சேர்க்கிற சாக்குப் பொடியும் அதே கால்சியம் கார்பனேட்தான். நான் நான்கு மணி நேரம் செய்தது வெள்ளையடிப்பு வேலை, அதுவும் பாதி காயாத சுவரின்மேல்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், வாட்டர் கலரையும் குவாஷையும் (போஸ்டர் கலர் மாதிரி அடியை மூடுகிற நிறம்) சேர்த்துப் பயன்படுத்த ஆரம்பிக்கிறவர்களில் நிறையப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டிலும் நிறப்பொடியைப் பிடித்து வைப்பது வேல மரத்துப் பிசின்தான், கடையில் அரபுப் பிசின் என்பார்கள். வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. வாட்டர் கலர் கண்ணாடி டம்ளரில் இருக்கிற டிகாக்‌ஷன். வெளிச்சம் ஊடுருவிப் போய், அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வரும். குவாஷ் அதே டம்ளரில் பால் ஊற்றியது. வெளிச்சம் மேலோடு பட்டுத் திரும்பிவிடும், தாள் இருப்பதே தெரியாது. வெயில் படுகிற பழைய சுவருக்கு அந்த உள்வெளிச்சம்தான் உயிர். அதை மூடிவிட்டு வெள்ளையைப் பூசினால், எவ்வளவு வெள்ளையாகப் பூசினாலும் வெயில் வராது. இன்னொன்று, காய்ந்த பிறகும் இரண்டும் தண்ணீர் பட்டால் கரையும். அக்ரிலிக் மாதிரி கெட்டியாக நிற்காது. மேலே தேய்க்கத் தேய்க்க அடிப்பூச்சு கிளம்பி வந்துகொண்டே இருக்கும்.

வாட்டர் கலரில் சொதப்பியதை மறைக்கக் குவாஷை எடுக்கக்கூடாது. அது எங்கே வரப்போகிறது என்று பென்சில் போடும்போதே தெரிந்திருக்கவேண்டும். எனக்கு இது உறைக்க இன்னொரு படம் கெடவேண்டியிருந்தது.

அந்தப் படத்தைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. பின்பக்கம் சுத்தமாக இருந்தது. அதில் 16 கட்டம் போட்டு, இரண்டு வாரம் இரவில் சாம்பல் நிறங்களாகக் கலந்து பார்த்தேன். இதைச் செய்யாமல் எந்தப் பழைய கட்டடத்தையும் தொடவேண்டாம் என்றுதான் இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். கறுப்பு டியூபை எடுக்கவே இல்லை. முதலில் அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் மட்டும். நீலம் தூக்கினால் மழைக்கு முந்தின வானம்; சியன்னா தூக்கினால் அடுப்புப் புகை ஏறிய ஓடு; இரண்டும் சமமாக நின்றால் கருங்கல். நீலத்தோடு யெல்லோ ஆக்கர் என்கிற மண்மஞ்சளைச் சேர்த்தால் பச்சை பாரித்த சாம்பல், அது சுவரடிப் பாசி. இவையெல்லாம் முதல் மூன்று வரிசை.

நாலாவது வரிசையில் அதே சாம்பல்களில் வெள்ளையைச் சேர்த்தேன். எல்லாம் ஒன்றுபோல் ஆகி, அரசாங்க குடோன் டிஸ்டெம்பர் மாதிரி விழித்தன. காய்ந்த அடர் சாம்பல் ஒன்றின்மேல் வெள்ளையை நீர்க்கத் தடவியும் பார்த்தேன். அது நீலம் பாரித்துக் குளிர்ந்துபோனது. கறுத்த பின்னணியில் பீடிப் புகை நீலமாகத் தெரிகிறதே, அதே சங்கதிதான். வெள்ளையில் துளி ஆக்கர் கலந்தால் அந்தக் குளிர் போகிறது. வெயில் பட்ட இடத்துக்குப் புட்டி வெள்ளையை அப்படியே வைத்தால் டியூப்லைட் வெளிச்சமாகத்தான் இருக்கும்.

ஆடியில் இரண்டாவது முறை போனேன். இந்த முறை தாளில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், முழுப் பருத்தி, மேல்பரப்பு சொரசொரப்பான கோல்ட் பிரஸ். கால் தாளின் விலைக்கு ஆம்பூரில் ஒரு பிரியாணி சாப்பிட்டுவிடலாம். ஆனால் சிக்கனம் பார்க்கக்கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது தாள்தான். பிரஷ் சுமாராக இருக்கலாம், நிறம் மாணவர் தரமாக இருக்கலாம். தாள் மட்டமென்றால் பழைய சுவர் வராது. பருத்தித் தாள் தண்ணீரைக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருக்கும், அதன் மேடுபள்ளத்தில் அல்ட்ராமரீன் மணல் மணலாக இறங்கி உட்காரும். சுண்ணாம்புச் சுவரின் சொரசொரப்பு பாதிக்குமேல் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், என் தாள் எம்மாத்திரம்? பலகையோடு சேர்த்து நாலு கிளிப் போட்டும், ஒருமுறை மொத்தமாகப் போய் எருமையின் காலடியில் விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது ஆயாவின் பேரன். அன்று முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அன்று சுவர் நன்றாகவே வந்தது. முக்கால்வாசித் தாளை அப்படியே விட்டு, ஆக்கரை மட்டும் நீர்க்க ஓட்டியதால் வந்தது. கெட்டுப்போனது நிழல். கிழக்கு பார்த்த வீட்டில் காலை ஏழுக்குப் போனால் சுவர் முழுக்க நேர் வெயில். நிழலே இல்லை, படம் தட்டையாக இருக்கும். எட்டரைக்கு எரவாண நிழல் ஒரு முழம் இறங்கியிருந்தது. பத்து மணிக்கு இரண்டு முழம். பதினொன்றுக்கெல்லாம் சுவரே நிழலுக்குள் போய்விட்டது. நானோ நிழலைத் துரத்திக்கொண்டே இருந்தேன். ஓட்டின் நிழலை எட்டரைக்குப் போட்டேன், எரவாண நிழலைப் பத்துக்கு, தூணின் நிழலைப் பதினொன்றுக்கு. ஒரே படத்தில் மூன்று சூரியன்.

இப்போது நான் செய்வது இதுதான். வெயில் சுவரைச் சாய்வாக உரசுகிற நேரம், இந்த வீட்டுக்கு ஒன்பது மணி வாக்கு. உட்கார்ந்ததும், வீட்டின் கோடு போடுவதற்கும் முன்னால், நிழலின் விளிம்பைப் பென்சிலால் போட்டுப் பக்கத்தில் மணியைக் குறித்துவிடுகிறேன். அதற்கப்புறம் சூரியன் எங்கே போனாலும் எனக்குக் கவலை இல்லை. செல்போனில் ஒரு போட்டோவும் எடுப்பேன், ஆனால் வடிவத்துக்கு மட்டும். நிறத்துக்குப் போட்டோவை நம்பினால் நிழலைத் தாராகக் காட்டும்.

நிழலின் நிறத்தைச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பேரன்தான். நான் நீலமும் சியன்னாவும் கலந்து அடர் சாம்பலாக எரவாணத்துக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நெழலு அப்டி இல்ல மாமா. கத்திரிக்கா கலர்ல கீது," என்றான். சுவரைப் பார்த்தேன். கீதே! இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் பேர்போன வட்டாரத்துப் பையன், தப்பாகச் சொல்வானா? வானத்து நீலம் ஒரு பக்கம், வாசலின் செம்மண்ணில் பட்டுத் திரும்புகிற சிவப்பு ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வெள்ளைச் சுவரின் நிழலை ஊதாவாக்கியிருந்தன. அன்றிலிருந்து அந்தக் கலவையில் துளி கிரிம்சன் சிவப்பு சேர்க்கிறேன்.

ஓடுகளையும் அன்று கெடுத்தேன். நாட்டு ஓடு அரைக் குழாய் மாதிரி. ஒரு வரிசை மல்லாந்து, அதன்மேல் ஒரு வரிசை கவிழ்ந்து. கணக்கு எழுதுகிறவன் புத்தி, ஒவ்வொரு ஓடாக எண்ணி வரைந்தேன். முடித்துப் பார்த்தால் கூரை எறும்புத்தின்னி முதுகு மாதிரி இருந்தது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. கூரை மொத்தத்தையும் ஒரு வாஷ், அது காய்வதற்குள் சியன்னாவும் நீலமும் இங்கொன்று அங்கொன்றாக. பிறகு கவிழ்ந்த வரிசைகளுக்கு நடுவே நிழல்கோடு, அதுவும் விட்டு விட்டு. கோடு நேராக இருக்கக்கூடாது, பழைய கூரை நடுவில் தொய்ந்திருக்கும். ஸ்கேல் வைத்தால் புது வீடாகிவிடும். எரவாண விளிம்பில் மட்டும் ஏழெட்டு ஓட்டைச் சரியாக வரைந்தால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவன் எண்ணிக்கொள்வான்.

மூன்றாவது முறை கார்த்திகையில். மழை விட்ட ஒரு ஞாயிறு. சுவரில் புதுக் கறை, புதுப் பாசி, அடியில் ஓதம். காற்றில் ஈரம் இருந்ததால், சித்திரையில் நொடியில் காய்ந்த வாஷ் அன்று சில நிமிஷம் ஈரமாகவே நின்றது. எங்கள் வெயிலூரில் வாட்டர் கலருக்கு ஏற்ற காலம் ஐப்பசியிலிருந்து தை வரைதான் என்பது என் கட்சி. கோடையில் போடவேண்டும் என்றால் ஒரு ஸ்ப்ரே பாட்டிலை இடுப்பில் செருகிக்கொள்ளவேண்டும், ஒன்பதரைக்குள் பெரிய வாஷ்களை முடித்துவிடவேண்டும்.

உள்ளங்கை அளவில் முதலில் ஒரு குட்டிப் படம் போட்டு, குவாஷ் வரும் இடங்களை வட்டமிட்டேன். ஏழு இடம். சுண்ணாம்பு உரிந்த விளிம்பு, ஓட்டு நுனிகள், வைக்கோல், கதவின் பச்சை, துணிக்கொடி, எருமைக் கொம்பில் பட்ட வெயில், திண்ணையில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் குடம். இதற்குமேல் வெள்ளைப் புட்டியைத் திறப்பதில்லை என்று அந்த எருமைமேல் சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

சுவரைச் சுத்தமான தண்ணீரால் நனைத்து, நீர்த்த ஆக்கர் ஓட்டினேன். ஈரம் பளபளப்பாக இருக்கும்போதே, எரவாணத்துக்குக் கீழே நீலச் சாம்பலை நாலைந்து சொட்டு வைத்துப் பலகையை நிமிர்த்திப் பிடித்தேன். சொட்டுகள் தாமாகவே இறங்கின, அசல் சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய மாதிரியே; சில பாதி வழியில் நின்றன, சில ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. போதும் என்று தோன்றியதும் பலகையைப் படுக்கவைத்தேன். இரண்டு படமாக நான் பிரஷ்ஷால் வரைந்து வரைந்து வராத கறை, என் கை படாமல் வந்தது. பளபளப்பு மங்கி, ஆனால் முழுக்கக் காயாத அந்தக் கட்டத்தில், கீழ்ப்பகுதியில் இரண்டு துளி வெறும் தண்ணீர் வைத்தேன். அது நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுற்றிலும் பூவிளிம்பு கட்டியது. மற்ற படங்களில் இதைத்தான் கறை விழுந்துவிட்டது என்று திட்டுவோம். இங்கே அது ஓதம். செம்மண் தெறிப்புக்கு, மேல்பகுதியைச் செய்தித்தாளால் மூடிவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷில் சியன்னா தொட்டு விரலால் சுண்டினேன்.

சுவர் காய்ந்த பிறகு நிழல். கத்தரிக்காய்க் கலவையைத் தேவைக்கு இரண்டு மடங்கு கலந்து வைத்துக்கொண்டேன், நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. இருக்கிறதிலேயே பெரிய பிரஷ்ஷால், சுவர், தூண், கதவு என்று பார்க்காமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பு. ஈரத்திலேயே கீழ் விளிம்பில் கொஞ்சம் ஆக்கரைத் தொட்டு விட்டேன், மண்ணின் வெளிச்சத்துக்காக. அவ்வளவுதான், மறுபடி தொடவில்லை. நிழலுக்குள் வெள்ளை கலந்த நிறம் ஒரு சொட்டுப் போனாலும் நிழல் செத்துவிடும்.

அப்புறம் சாப்பாடு. ஆயா வீட்டில் கத்தரிக்காய்க் காரக்குழம்பு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், மரியாதைக்கு ஒரு தடவை மட்டும். சாப்பாட்டு நேரம் காய்கிற நேரமும்கூட. தாளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்போது குவாஷை வைத்தால் பரவி ஒழியும்.

குவாஷ் கெட்டித் தயிர்ப் பதத்தில் இருக்கவேண்டும். ரொம்ப நீர்த்தால் மூடாது, புட்டியிலிருந்து அப்படியே அப்பினால் காய்ந்ததும் வெடித்து உதிரும். வைத்தால் ஒரே தடவை, திரும்பித் தடவக்கூடாது. காய்ந்ததும் நிறம் மாறும்: வெளிர் நிறங்கள் கொஞ்சம் கறுக்கும், அடர் நிறங்கள் கொஞ்சம் வெளுக்கும். அதனால் அதே தாளின் ஒரு துண்டில் தடவி, அது காயும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் படத்தில் வைப்பேன். சுண்ணாம்பு உரிந்த இடம் படத்தில் கட்டைவிரல் நகம் அளவுதான். ரோஸும் நீலமும் வாட்டர் கலரிலேயே போட்டுவிட்டேன். பள்ளத்தின் மேல் விளிம்புக்கு அடியில் ஒரு மெல்லிய நிழல், கீழ் விளிம்பில் ஆக்கர் கலந்த வெள்ளையில் முடி கனத்துக்கு ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில் அத்தனை பொங்கல் சுண்ணாம்பும் தடிமனாக எழுந்து நின்றது. கதவுக்கு, பழுப்பு வாஷ் காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் பச்சைக் குவாஷைத் தொட்டு மேலோடு இழுத்தேன். தாளின் மேட்டில் மட்டும் பச்சை ஒட்ட, பள்ளத்தில் பழுப்பு தெரிந்தது, பெயிண்ட் உரிந்தது போலவே. வைக்கோல் துரும்பை வெயிலில் காட்ட முடியாது, மாட்டுக் கொட்டாயின் இருட்டுக்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு துரும்பை மட்டும் போட்டேன்.

இது புதிய தந்திரமெல்லாம் இல்லை. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1502இல் வரைந்த முயல் படம் இப்படித்தான். அடியில் வாட்டர் கலர், அதன்மேல் மூடுகிற நிறத்தில் ஒவ்வொரு மயிராக. வெள்ளையை மிச்சம் பிடித்து வைத்திருந்து கடைசியில் செலவழித்திருக்கிறார். ஒரு கணக்கனாக அது எனக்குப் பிடித்திருக்கிறது.

எட்டாவதாக ஒரு வெள்ளைக் கோழியையும் சேர்த்துவிட்டேன். சத்தியம் எருமைமேல்தானே, கோழிமேல் இல்லையே.

முடிந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குவாஷ் வைத்த இடத்தில் விரல் பட்டாலே பளபளப்பு விழும், வியர்வைக் கை பட்டால் கரையும். கண்ணாடிபோட்டுத்தான் மாட்டவேண்டும், கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி நடுவில் அட்டை வைத்து. கண்டபடி வார்னிஷ் அடித்து மின்ன வைக்கவேண்டாம், மேட்டாக இருப்பதுதான் அதன் அழகு. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்தால் பூஞ்சணம் பூக்கும்.

தை பிறந்ததும் மூன்றாவது படத்தை பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸிலிருந்து பார்த்தபோதே தெரிந்தது. வீடு பளீரென்று நின்றது. பொங்கலுக்கு வெள்ளையடித்து, கீழே காவிப் பட்டையும் போட்டிருந்தார்கள். கறை, பாசி, ஓதம், ஒன்றும் இல்லை. ரோஸும் நீலமும் உள்ளே போய்விட்டன.

ஆயா படத்தை வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. எருமைகூட அப்டியே கீது," என்றார். திண்ணையில் சாய்த்துவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல ஒண்ணு போட்டியே நைனா, வெள்ளை அடிச்சது, அது இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"அது கெட்டுப்போச்சு ஆயா."

"எங்க கெட்டுப்போச்சு? அதுலதான் வூடு நல்லா இருந்துது. நாலு பேரு வந்து போற எடத்துல மாட்டறதுன்னா அத மாட்டணும். இதுல ஓதமெல்லாம் தெரியுது, பாரு."

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொங்கிப்போன டிராயிங் தாள், பின்பக்கம் 16 சாம்பல் கட்டம். பேரன் அந்தக் கட்டங்களில் கத்தரிக்காய் எங்கே என்று தேடினான், அதில் இல்லை. இப்போது அந்தப் படம் நடுவீட்டில், ஆயாவின் வீட்டுக்காரர் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மூன்றாவது படத்தைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனதைப் பார்த்தாரோ என்னவோ, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த மழைக்கு செவுரு மறுபடி அப்டியேதான் ஆவும். அப்ப வா, போட்டுக்கோ."